இரண்டு அரை ஆள்

டிராக்டர் ஒரு குழிக்குள் இறங்கி ஏறியபோது பின்பெட்டியில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தார்கள். பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த சூப்ரவைசர் இஸ்ரவேலுக்கு அந்தச் சாய்வில் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. என்ன என்று தெரியவில்லை. ஒரு பித்தானைப் போடாமல் வீட்டைவிட்டு வந்துவிட்டால் நெஞ்சில் ஓரிடத்தில் மட்டும் காற்றுப் படுமே, அந்த மாதிரி. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இருபத்துமூன்று. தேயிலைக் காட்டு ரோட்டில் நின்று ஒவ்வொருத்தியாக ஏற ஏற அவனே எண்ணினான், தொடாத குறைதான். யானைக் காவல் வாச்சர் விசில் ஊதியதிலிருந்து எல்லாம் ஒரே ஓட்டம். மேலே சோலைக்குள்ளிருந்து யானைகள் இறங்குகின்றன, குட்டி இருக்கிறது, கிட்டே வந்தாயிற்று என்று கையை வீசி வீசிச் சொல்லிவிட்டு அந்த மனிதர் அடுத்த காட்டுக்கு ஓடினார். பெண்கள் இலைச் சாக்குகளைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு செடிகளுக்கு நடுவே விழுந்து எழுந்து வந்தார்கள். பனிமூட்டம் வேறு. பக்கத்து வரிசையில் நிற்பவளே தலைத்துண்டு மட்டும்தான் தெரிந்தாள். ஃபீல்டு ஆபீசர் குமரகுரு மோட்டார் சைக்கிளை உறுமவிட்டுக்கொண்டே எத்தனை, எத்தனை என்று அவசரப்படுத்தினார். சின்ன வயசு, ஆனால் அவர் ஆபீசர், இவன் ஐம்பத்திரண்டு வயசு சூப்ரவைசர். இருபத்துமூன்று, சரியாக இருக்கிறது சார் என்று சொன்னான். அந்தச் சொல்லை அவர் அங்கேயே போனில் மேனேஜருக்குச் சொன்னார், வனத்துறைக்காரர்களுக்கும் சொன்னார், சொல்லிக்கொண்டே வண்டியைத் தட்டிவிட்டு முன்னால் போய்விட்டார். இவனுக்கு முன்பே இவன் கணக்கு மலை இறங்கிவிட்டது. இன்னொரு தடவை எண்ணியிருக்கலாம். எப்போதும் இரண்டு தடவை எண்ணுகிறவன்தான். இன்றைக்கு ஒரு தடவைதான் எண்ணினான்.

எப்போதும் இரண்டு தடவை எண்ணுகிறவன் என்று சொன்னால் அவன் மனசு நோகாது, ஆனால் ஊர் அப்படிச் சொல்வதில்லை. இன்னொருக்கா இஸ்ரவேல் என்பது அவனுக்கு எஸ்டேட் வைத்திருக்கும் பட்டம். போன மழைக்காலத்தில் வைத்தது. அன்றைக்கும் யானைதான். அன்றைக்கு ஒரு தலை குறைந்தது, அவன் டிராக்டரை நிறுத்திவிட்டான், குருவம்மாவைக் காணோம், குருவம்மாவைக் காணோம் என்று நடுரோட்டில் நின்று கத்தினான். இரண்டு வாச்சர்கள் வெடியும் கையுமாக இருட்டுகிற நேரத்தில் காட்டுக்குள் போனார்கள். குருவம்மாவோ அரை மணிக்கு முன்பே யாருக்கும் சொல்லாமல் நழுவி, வீட்டில் உட்கார்ந்து கருவாடு சுட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தேடலில் வாச்சர் ஒருவர் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார், அவர் கை இன்றைக்கும் முழுசாகத் திரும்பாது. மேனேஜர் கூப்பிட்டு, உனக்கு எண்ணத் தெரியுமா தெரியாதா என்று ஆங்கிலத்தில் கேட்டதை ஆபீஸ் பையன் தமிழில் எல்லோருக்கும் சொல்லிவிட்டான். அதிலிருந்து பெண்கள் வண்டி ஏறும்போது, இன்னொருக்கா எண்ணுண்ணே, நான் வீட்டுல கருவாடு சுட்டுக்கிட்டு இருக்கேனா என்னான்னு பாரு என்பாள் தங்கபுஷ்பம். அவள் வாய்க்கு எஸ்டேட்டே பயப்படும். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். சிரிக்காமல் வேறென்ன செய்வது. ஆனால் உள்ளே வலிக்கும். அந்த மணிக்கட்டை எப்போது பார்த்தாலும் வலிக்கும். அதனால்தான் இன்றைக்கு ஒரு தடவையோடு நிறுத்தினானா? ஆபீசர் அவசரப்படுத்தியது ஒரு சாக்கு, அவ்வளவுதானா? எண்ணி வந்த இருபத்துமூன்று மனசில் இருந்த இருபத்துமூன்றோடு பொருந்திவிட்டது, அந்தப் பொருத்தம் ஒரு சுகம், அந்தச் சுகத்தைக் கெடுத்துக்கொள்வானேன் என்று இருந்துவிட்டானா? அவனுக்கே தெரியவில்லை. மனசில் இருந்த இருபத்துமூன்று. அது எங்கிருந்து வந்தது?

டிராக்டர் வளைவில் திரும்பியது. மனசு அந்தக் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டது, முள்ளில் சேலை மாட்டுகிற மாதிரி, இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் நகர முடியாது. இருபத்துமூன்று என்பது இன்றைய ஆள் கணக்கு. எஸ்டேட்டில் தலையை எண்ணுவதில்லை, ஆளைத்தான் எண்ணுவார்கள். காலையில் வந்து சாயந்திரம் வரை நின்றால் ஒரு ஆள். மதியச் சங்கோடு போய்விட்டால் அரை ஆள். மதியச் சங்குக்குப் பிறகு வந்தாலும் அரை ஆள். இரண்டு அரையைச் சேர்த்தால் ஒரு ஆள். பிறந்ததிலிருந்து இந்தக் கணக்குத்தான், அவன் அப்பாவுக்கும் இதே கணக்குத்தான். அதிலும் காலையில் ஒரு அரை போனால்தான் மதியத்துக்கு மேல் ஒரு அரையை எடுக்கலாம் என்பது ஆபீஸ் உத்தரவு. அதனால் காட்டுக்குள் எந்த நேரத்தில் பார்த்தாலும் ஆளும் தலையும் ஒன்றாகவே இருக்கும். அவன் சூப்ரவைசர் ஆனதிலிருந்து அப்படித்தான் இருந்தது. ஆள் வேறு, தலை வேறு என்று அவன் நினைத்துப் பார்க்கத் தேவையே வரவில்லை. இன்றைக்கு இருபத்திரண்டு முழு ஆள், இரண்டு அரை. ஆகமொத்தம் இருபத்துமூன்று. சரிதானே. இரண்டு அரை. காலையில் யார் போனது? யோசித்தான். மதியச் சங்கு ஊதியபோது யார் சாக்கை மடித்துக் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. யாரும் போகவில்லை. காலையில் யாரும் போகவில்லை, மதியத்துக்கு மேல் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு இந்திக்காரப் புள்ளைகள். பேங்கில் போட்டோ பிடிக்க வேண்டும் என்று ஆபீஸே அவர்களைக் காலையில் ஜீப்பில் கூட்டிப் போனது, மதியச் சோற்றுக்குப் பிறகு ஆபீஸே கொண்டுவந்து விட்டது. இரண்டு பேருமே மதியத்துக்கு மேல் வந்த அரை. கணக்குக்கு இரண்டும் சேர்ந்து ஒரு ஆள். காட்டுக்குள் நின்றவை இரண்டு உடம்பு. இருபத்திரண்டும் இரண்டும் இருபத்துநாலு. இருபத்துநாலு பேர் காட்டுக்குள் இருந்தார்கள், இருபத்துமூன்று பேர் வண்டியில் ஏறினார்கள், அவன் சரியாக இருக்கிறது சார் என்று சொன்னான்.

இல்லை, இரு, அவசரப்படாதே, போன மழைக்காலத்திலும் இப்படித்தான் அவசரப்பட்டாய். ஏறும்போது ஒருத்தியைத் தவறவிட்டு எண்ணியிருக்கலாமே. இரண்டு பேர் ஒன்றாக ஏறியிருக்கலாம். இப்போது எண்ணு. எண்ண முடியவில்லை, வண்டி குலுங்குகிறது, முக்காடும் கோணிச்சாக்குமாகத் தலைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன, பத்துக்கு மேல் போனால் எதை எண்ணினோம் எதை விட்டோம் என்று குழம்புகிறது. முகத்தைப் பார், எண்ணாதே. தங்கபுஷ்பம் இருக்கிறாள், அவள் மருமகள் ஜெபா இருக்கிறாள், வாந்தி வருகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், மூன்று மாசம். குருவம்மா இருக்கிறாள், கருவாட்டு மகராசி, இன்றைக்கு முதல் ஆளாக ஏறி நடுவில் இடம் பிடித்திருக்கிறாள். முழங்கால் வலிக்காரி இருக்கிறாள், புருஷனோடு பேசாமல் இருக்கிற எலிசா இருக்கிறாள், மகனுக்குப் பெண் பார்த்துவிட்டுச் சிரித்தபடியே இருக்கிற ராக்காயி இருக்கிறாள். இவர்களைப் பற்றி அவனைக் கேட்டால் விடிய விடியச் சொல்வான். யாருக்கு எந்தக் கால் ஆணி, யார் எந்த வரிசையில் இலை எடுத்தால் முணுமுணுப்பாள், எல்லாம் தெரியும். இருபத்திரண்டு பேரும் இருக்கிறார்கள். அப்புறம் மூலையில் ஒருத்தி. எல்லோரும் இறங்குகிற பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்க அவள் மட்டும் வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இந்திக்காரப் புள்ளைகளில் ஒன்று. எது? இரண்டு பேர், நாத்தனாரும் அண்ணியுமோ அக்கா தங்கையோ, ஜார்க்கண்டோ என்னவோ, வந்து பத்து மாசமாகிறது. அவர்கள் பேசுவது இந்தியே இல்லை என்று ஒரு நாள் வடக்கத்தி மேஸ்திரி சொன்னான், வேறு ஏதோ பாஷையாம், ஆனாலும் எஸ்டேட்டுக்கு அவர்கள் இந்திக்காரப் புள்ளைகள்தான். அவர்களுக்கு ஒரே ஒரு பச்சை ஸ்வெட்டர். ஒரு நாள் ஒருத்தி போடுவாள், மறுநாள் மற்றவள். ஸ்வெட்டர் போட்டது, ஸ்வெட்டர் போடாதது, அப்படித்தான் அவன் அவர்களைப் பிரித்து வைத்திருந்தான், அதுவும் தினமும் மாறும் என்பதால் உண்மையில் பிரித்து வைக்கவே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து அவனுக்கு ஒரு ஆளாகத்தான் இருந்தார்கள். இதை நினைத்ததும் அவனுக்கு அவமானமாக இருந்தது. மதியம் மேல் வரிசையில் பச்சை தெரிந்தது. இப்போது பெட்டிக்குள் எங்கும் பச்சை இல்லை. மூலையில் இருப்பவள் ஸ்வெட்டர் போடாதவள்.

சொல்லிவிடு. யாரிடம் சொல்வது. டிரைவர் வேலப்பனிடம் சொன்னால் வண்டியை நிறுத்துவான், இந்த இடத்தில் நிறுத்தலாமா, ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மேடு, யானை இந்த ரோட்டையே தாண்டி இறங்கினால் இருபத்துமூன்று பேரும் பெட்டியில் அடைபட்டுப்போவார்கள். பெட்டியோடு டிராக்டரைத் திருப்புவதற்கு இன்னும் கீழே மாதா கோவில் வளைவு வரை போக வேண்டும். அதற்குள் அவள் குறுக்குப் பாதையில் லைன் வீட்டுக்கே போயிருப்பாள். ஆமாம், குறுக்குப் பாதை இருக்கிறதே. சின்னப் பிள்ளை, காலில் வேகம் உண்டு, விசில் கேட்டதும் அந்தப் பக்கமாக ஓடியிருப்பாள், இந்நேரம் அடுப்புப் பற்றவைத்திருப்பாள், கருவாடு சுட்டுக்கொண்டிருப்பாள். மறுபடி ஒரு கருவாடாக இருந்தால்? இன்னொரு மணிக்கட்டு உடைந்தால்? மணிக்கட்டோடு போனால் சரி, ஆள் போனால்? இந்தத் தடவை மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்கமாட்டார். அவன் வேலை போகும், வேலை போனால் லைன் வீடு போகும், ஐம்பத்திரண்டு வயசில் மலையை விட்டு இறங்கி எந்த ஊரில் போய் நிற்பது, அவனுக்கு மலைக்குக் கீழே ஊரே கிடையாது. அவன் பெண்டாட்டி எமிலி தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள். சரி, சொல்லாமல் இருந்தால்? சொல்லாமல் இருந்தால் கணக்கு சரியாகவே இருக்கும். இருபத்திரண்டு முழு, இரண்டு அரை, ஏறியது இருபத்துமூன்று. எந்த மேனேஜர் பார்த்தாலும் சரி. நாளைக்குக் காலையில் அவள் வந்தால் வந்தாள். வராவிட்டால்? வேலையை விட்டு ஊருக்கு ஓடிவிட்டாள் என்பார்கள், வடக்கிலிருந்து வந்தவர்கள் அப்படி ஓடுவதுண்டு, யாரும் கேட்கமாட்டார்கள். இப்படி ஒரு யோசனை தனக்கு வந்ததே என்று அவனுக்குப் பகீரென்றது. இதை யோசித்தது யார், இஸ்ரவேலா? ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முன்வரிசையில் உட்காருகிற அதே இஸ்ரவேலா? மேல் வரிசைச் செடிகளுக்கு நடுவே குனிந்திருக்கும் ஒரு பச்சை முதுகு கண்ணுக்குள் வந்தது. விசில் சத்தம் கேட்டதா அவளுக்கு? கேட்டாலும் என்னவென்று புரிந்ததா? எல்லோரும் ஓடுகிறார்கள் என்று பார்க்கவிடாமல் பனி மூடியிருந்ததே. நிமிர்ந்து பார்த்தபோது காட்டில் ஒரு தலைகூட இல்லாமல் இருந்திருக்குமே. அந்த நிமிஷம் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்ததும் அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, பயத்தில் வந்ததா இரக்கத்தில் வந்ததா என்று பிரிக்கத் தெரியவில்லை. டிராக்டர் இன்னொரு வளைவு இறங்கியது. ஒவ்வொரு வளைவும் அவளிடமிருந்து ஒரு வளைவு தூரம். மூலையில் இருந்தவள் இன்னும் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கை அவனைக் கேட்காமலே மடங்கி, பெட்டித் தகரத்தில் ஓங்கிக் குத்தியது. ஒரு தடவை. இரண்டு தடவை. வேலப்பன் பிரேக் போட்டான்.

பெண்கள் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொருக்காவா என்று பின்னாலிருந்து ஒரு குரல் முணுமுணுத்தது, யாரும் சிரிக்கவில்லை, அவன் முகம் அப்படி இருந்தது.

"ஒரு ஆள் மேலயே நிக்குது" என்றான்.

"யாருண்ணே?" என்றாள் தங்கபுஷ்பம்.

அவள் பேர் அவனுக்குத் தெரியாது, காலையில் ஆள் பதிகிற மஸ்டரில் அந்த இரண்டு பேரையும் இந்திக்காரப் புள்ளைகள் என்றுதான் கூப்பிடுவான். மூலையைக் கையால் காட்டி, "இதோட இன்னொண்ணு" என்றான். சொன்ன பிறகு, ஆட்டுக்குட்டியைப் பற்றிக்கூட அப்படிச் சொல்வதில்லையே என்று தோன்றியது.

தங்கபுஷ்பம் மூலையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "ஐயோ, நான்தான்ணே சொன்னேன். ஏறாம நின்னுச்சு. கையைக் கையைக் காட்டுச்சு. அவ குறுக்குப் பாதையில போயிருப்பா, நீ ஏறு ஏறுன்னு நான்தான் புடிச்சு ஏத்துனேன்" என்றாள்.

வேலப்பன், இங்கே திருப்ப முடியாது, பெண்களைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு ஆட்களோடு வருகிறேன் என்றான். அதுதான் சரி. இஸ்ரவேல் பெட்டியிலிருந்து இறங்கினான். அவன் சொல்லாமலே மூலையில் இருந்த பெண்ணும் குதித்து இறங்கினாள், போகாதே என்று தங்கபுஷ்பம் பிடித்த கையை உதறிவிட்டு. வண்டி நகர்ந்தது. சத்தம் கீழே கீழே போய்த் தேய்ந்தது. பனிக்குள் ரோடு பத்தடிக்கு மேல் தெரியவில்லை. நடந்துகொண்டே ஆபீசருக்குப் போன் போட்டான், மூன்றாவது தடவைதான் சிக்னல் கிடைத்தது. இருபத்துமூன்று இல்லை சார், இருபத்துநாலு என்றான். நன்றாகத் தெரியுமா, போன தடவை மாதிரி ஆகிவிடாதே என்று குமரகுரு கேட்டார். நன்றாகத் தெரியும் சார், தப்பு என்னுடையது, வாச்சர்களை அனுப்புங்கள் என்று சொன்னான். இதைச் சொல்ல இவ்வளவு நேரம் பயந்தோமே, சொன்னால் ஒரு மூச்சுத்தான் என்று இருந்தது. வனத்துறைக்குச் சொல்ல வேண்டும், பேரைச் சொல் என்றார் ஆபீசர்.

இஸ்ரவேல் நின்றான். பக்கத்தில் அந்தப் பெண்ணும் நின்றாள். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருந்தது, முகவாயில் மூன்று புள்ளி பச்சை குத்தியிருந்தது.

"அவ பேரு என்னம்மா?" என்றான்.

"எத்வாரி" என்றாள் அவள்.

அந்தப் பேரைப் போனில் சொன்னான். சரியாக வரவில்லை, மறுபடி சொன்னான். மேலே எங்கோ கிளை முறிகிற சத்தம் கேட்டது, இன்னொன்று, பிறகு தகரத்தைத் தேய்க்கிற மாதிரி ஒரு கனத்த மூச்சு. மறுபடி நடந்தார்கள், இலை எடுத்த காடு வந்துவிட்டது. இலைச் சாக்குகள் ரோட்டோரம் கிடந்தன. அவனால் பொறுக்க முடியவில்லை, வாயில் கையைக் குவித்து, எத்வாரி என்று கத்தினான். பனி அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கிக்கொண்டது. கிளை முறிவது நின்றுபோனது. இன்னொரு தடவை கத்த மூச்சை இழுத்தபோது பக்கத்தில் நின்ற பெண் அவன் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு தன் விரலை உதட்டின்மேல் வைத்துக் காட்டினாள். அது அவன் காட்டுவதுதான். யானை நிற்கிற காட்டில் யார் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காதே, செடிக்குள் உட்கார்ந்துகொள் என்று வாரத்துக்கு ஒரு தடவை மஸ்டரில் நின்று எல்லோருக்கும் சொல்வான், சொல்லும்போது விரலை உதட்டில் வைத்துக் காட்டுவான். தமிழ் சரியாகத் தெரியாத இரண்டு பேர் பின்னால் நிற்கிறார்களே, அவர்களுக்கு விளங்குமா என்று ஒரு நாளும் அவன் யோசித்ததில்லை. அவர்கள் அவன் விரலைப் பார்த்திருக்கிறார்கள். இவள் பார்த்திருக்கிறாள் என்றால் அவளும் பார்த்திருப்பாள். அப்படியானால் இந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம்? அவள் இல்லை என்பதா, அவன் சொன்னபடியே எங்கோ ஒரு செடிக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்பதா? கேட்டுத் தெரிந்துகொள்ள வழியே இல்லை, ஒவ்வொரு வரிசையாக இறங்கிப் பார்ப்பதைத் தவிர. அவன் சத்தமில்லாமல் முதல் வரிசைக்குள் இறங்கினான், அந்தப் பெண் அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மஸ்டரில் கூப்பிட்டால் பதில் வராதவளை ஒன்றுக்கு மூன்று தடவை அதட்டிக் கூப்பிட்டே பழகியவன் அவன். இன்றைக்கு, தான் கூப்பிட்டது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும், ஆனால் அவள் பதில் சொல்லிவிடக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டே இரண்டாவது வரிசைக்குப் போனான்.